கோல்கீப்பர் கத்தினால் விட வேண்டும்

பந்து என் நெற்றிக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

கார்னர் கிக். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள் இருந்திருக்கும். நாங்கள் ஒரு கோல் பின்னால். டிஃபெண்டரான நான் அதனால்தான் எங்கள் பக்கத்தை விட்டுவிட்டு எதிரணியின் கோல் முன்னால் வந்து நின்றிருந்தேன். என்னை மறிக்க வேண்டிய பெண் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். பந்தில் ஒட்டியிருந்த புல்கூடத் தெரிந்தது. குதிக்கக்கூட வேண்டியதில்லை. நெற்றியைக் கொடுத்தால் கோல்.

“உடு!”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பந்து என் கொண்டையை உரசிக்கொண்டு போய் எனக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பரின் கைகளில் விழுந்தது. எதிரணியின் கோல்கீப்பர். அவள் பெயர் மாதேவி. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களும் அவள் என் கோல்கீப்பராக இருந்தவள்.

எங்கள் கோச் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்து கத்தினார். “யாருக்கு ஆடுறே நீ? யாருக்கு?”

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

போன வாரக் கேள்வி

சென்ற வாரம் இந்தத் தொடரில் ஹாஸ்டல் அறைகளைப் பற்றி எழுதியிருந்தேன். கொசுவலை கட்ட ஆணி இல்லாத அறைகள், ஆணி இருந்தும் கொசுவலை இல்லாத அறைகள். அதைப் படித்த சிலர், ‘ஒரே கிளப்பில் நிலையாக இருந்திருக்கலாமே, ஏன் இத்தனை ஊர்?’ என்று கேட்டிருந்தார்கள்.

பெண்கள் கால்பந்தில் ஒப்பந்தம் என்பது சில மாதங்களுக்குத்தான். லீக் முடிந்ததும் அணி கலையும். கோல் அடிக்கிறவர்களை அடுத்த வருடம் தேடி வந்து அழைப்பார்கள். என்னைப் போன்ற நடுத்தர டிஃபெண்டர்களை, தேடியவர்கள் கிடைக்காதபோது அழைப்பார்கள். அழைத்தால் போவேன். இவ்வளவுதான் என் தொழில் வாழ்க்கை.

ஒவ்வொரு கிளப்பிலும் மாறுகிறவற்றை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தேன். சட்டை எண். அறைத் தோழி. சாம்பாரில் வெல்லம் உண்டா, இல்லையா. பந்து நம் பக்கம் வரும்போது முன்னேறிப் போய் ஆஃப்சைடு பிடிப்பதா, பின்வாங்குவதா. கார்னரின்போது ஆளைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா. கடைசி இரண்டும்தான் ஆபத்தானவை. மூளை புதுக் கிளப்புக்கு ஒரே நாளில் மாறிவிடும். கால்கள் இரண்டு மாதம் பழைய கிளப்பிலேயே இருக்கும்.

மைசூரில் என் வேலையை விளக்குவது இன்னும் கடினம். மண்டி மொஹல்லாவில் எங்கள் தெரு முனையில் நிற்கும் ஆட்டோக்காரர் ஒருவர், நான் பையோடு ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பார். “ஏனம்மா, இந்த வாட்டி எத்தனை கோல்?”

“நான் டிஃபெண்டர் அண்ணா. கோல் போட மாட்டேன். போட விடமாட்டேன்.”

“அதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?” என்பார், உண்மையான ஆச்சரியத்தோடு.

மாதேவி

மாதேவி, கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர்ப் பக்கத்துப் பெண். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் கோயம்புத்தூர்க்காரர்களைப் போலப் பேசுவார்கள். ஒரே அணியில் சேர்ந்த முதல் நாள் அவள் என்னைப் பார்த்து, “நீயும் தமிழா புள்ள? அப்பாடா, இனி பேசிக் கெடக்கலாம்” என்றாள். அந்த அணியில் மணிப்பூர், வங்காளம், கேரளா எல்லாம் இருந்தன. தமிழுக்கு நாங்கள் இருவர் மட்டும்.

ஒரு டிஃபெண்டருக்கும் கோல்கீப்பருக்கும் இடையில் இருப்பதை நட்பு என்று சொல்லலாமா எனத் தெரியவில்லை. நான் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவள். என் பின்னால் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆகவே அவளுடைய குரல்தான் என் கண். “எடப் பக்கம்” என்றால் இடப் பக்கம். “ஏறு” என்றால் முன்னால் ஓட வேண்டும். “உடு” என்றால், பந்தை அவள் எடுத்துக்கொள்கிறாள், நான் தொடக்கூடாது.

சேர்ந்து ஆடிய முதல் மாதம் நான் விடவில்லை. உயரத்தில் வந்த பந்து, நான் தெளிவாக முட்டியிருக்கக்கூடியது. அவள் கத்தினாள். நானும் எகிறினேன். என் தலை அவள் மூக்கில் மோதியது. ரத்தத்தைத் துணியால் அழுத்திக்கொண்டே அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“கத்துனா உடோணும். யோசிக்கப்படாது. யோசிக்கறதுக்குத்தான் நா ஒருத்தி பின்னால நிக்கறேனல்ல?”

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. அவளுடைய “உடு” காதில் விழுந்தால், மூளைக்குப் போகாமல் நேராகக் கழுத்துக்குப் போனது.

பிறகு அவள் ஒரு கிளப்புக்குப் போனாள், நான் வேறொன்றுக்கு. அடுத்த சீசனின் கடைசி ஆட்டத்தில் எதிரெதிராக நின்றோம். இரண்டு அணிகளில் ஒன்று கீழ்ப் பிரிவுக்கு இறங்கியாக வேண்டிய நிலை. ஆட்டம் சமனானால் அவர்கள் இறங்குவார்கள், ஏனென்றால் எங்களுக்கு ஏற்கெனவே புள்ளி கூடுதல். நாங்கள் தோற்றால் நாங்கள் இறங்குவோம்.

நான் குனிந்தேன். நாங்கள் இறங்கினோம். கிளப் நிர்வாகம் மகளிர் அணியையே மூடிவிட்டது.

கேஜில் அடங்காதது

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். சீசன் இல்லாத மாதங்களில் மைசூரில் ஒரு சிறிய தொழிற்சாலையில் தர சோதனை வேலை பார்ப்பேன். கடைந்து வரும் உருளைகளின் துளைக்குள் கேஜ் எனும் அளவுக்கருவியை நுழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக்கூடாது. அப்படியிருந்தால் உருளை தேறிற்று. இல்லையென்றால் சிவப்புப் பெட்டி. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். மூன்றாவது பெட்டி கிடையாது.

அணி மூடிய பிறகு அங்கேயே முழுநேரமாக இருந்தேன். மேற்பார்வையாளர் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார். மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்றார்.

அந்த வாரத்தில்தான் மாதேவி போன் செய்தாள். பல மாதங்களுக்குப் பிறகு.

“ஜெனி, எங்களுக்கு சென்டர் பேக் வேணுமாம். கோச்சுகிட்ட உம்பட பேரச் சொல்லியிருக்கேன். கேம்ப் இந்த வாட்டி உங்க மைசூர்லயே. ஒரு வாரம் வந்து ஆடிக் காட்டு. புடிச்சா கையெழுத்து.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

“இதுல யோசிக்க என்ன கெடக்குது?” என்றாள். அவள் குரலில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

யோசிக்க இருந்தது இதுதான். அந்தக் கடைசி ஆட்டத்தில் மாதேவியின் டிஃபெண்டர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. அவர்களுக்கு அவள் “கீப்பர்!” என்றுதான் கத்துவாள். ஆட்டம் முழுக்க அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தாள். அப்படியானால் அந்த ஒரு “உடு” யாருக்கு?

எதிராளியை ஏமாற்றக் குரல் கொடுப்பது விதிப்படி தவறு. ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டலாம். ஆனால் எந்த ரெஃப்ரியிடம் போய், “அவள் சொன்னதை நான் கேட்டுவிட்டேன்” என்று புகார் செய்வது?

வேண்டுமென்றே செய்தாள் என்றால் அவள் முன்னால் நின்று என்னால் ஆட முடியாது. ஒவ்வொரு “உடு”வுக்கும் ஒரு நொடி சந்தேகப்படுவேன். அந்த ஒரு நொடியில் கோல் விழும். பழக்கதோஷத்தில் வாயில் வந்ததென்றால் பரவாயில்லை, ஆடலாம். இரண்டில் எது என்று தெரியாமல் மைதானத்துக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த ஆட்டத்தின் வீடியோ போனில் இருந்தது. அந்த இடத்தை ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தேன். வர்ணனையாளரின் குரல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. மாதேவியின் வாய் திறந்திருக்கிறது. முகம் பந்தைப் பார்த்திருக்கிறது. என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலும் கத்தலாம்.

அம்மா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“இன்னும் அதேயா? நோயாளி வயித்து வலின்னு வந்தா எங்கே வலிக்குதுன்னு கேக்கணும். தள்ளி நின்னு வீடியோ பாத்துட்டா இருப்பாங்க?”

“எப்படிம்மா கேக்கறது? ‘நீ ஏமாத்தினியா’ன்னா?”

“ஹௌது, அப்படித்தான். போன்ல பேடா, வேணாம். நேர்ல கேளு. மூஞ்சி பாத்தா தெரிஞ்சிடும்.”

அம்மாவுக்கு எல்லா முகங்களும் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிராளியின் இடுப்பு. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போவாள். முகத்தைப் பார்க்காதே என்பதுதான் டிஃபெண்டருக்கு முதல் பாடம்.

தேவராஜ மார்க்கெட்

முகாம் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாதேவி மைசூர் வந்து இறங்கினாள். தேவராஜ மார்க்கெட்டில் ரசபாளே வாழைப்பழம் வாங்க வேண்டும் என்றாள். ஆட்டத்துக்கு முன் அதைத் தவிர வேறெதுவும் அவள் வயிறு ஏற்காது.

குங்குமக் குவியல்களையும் மல்லிகைக் கூடைகளையும் தாண்டி வாழைப்பழ வரிசைக்கு வந்தோம். தலைச்சுமைக்காரர்கள் “ஸைடு, ஸைடு” என்று இடித்துக்கொண்டு போனார்கள். இங்கே வைத்துக் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு எதுக்குடி கத்துன?”

“என்னிக்கு?”

“அந்தக் கார்னர்ல. ‘உடு’ன்னு.”

மாதேவி ஒரு சீப்பைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றாள். “நா எங்க புள்ள கத்துனேன்?”

“கத்துன. என் காதுல விழுந்துது.”

“எந்தொண்டை அப்பவே போயிருச்சு, ஜெனி. ஆட்டம் பூரா ‘கீப்பர், கீப்பர்’னு கத்திக் கத்தி, கடைசில காத்துதான் வந்துது. அந்தக் கார்னருக்கு நா வாயே தொறக்கல.”

“தொறந்திருக்கு. வீடியோ இருக்கு.”

“மூச்சு உடறதுக்குத் தொறக்கோணுமல்ல? மூக்குலதான் நீ ஏற்கெனவே மோதி வெச்சிருக்கியே!”

பழக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா, ஹண்ணு பேக்கா, பேட்வா?” வேண்டுமா வேண்டாமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

“பேக்கு, ஸ்வல்ப இரிண்ணா” என்று அவரை நிறுத்திவிட்டு மாதேவி என் பக்கம் திரும்பினாள். குரலை இறக்கினாள்.

“அப்போ நீ எனக்காக உடலியா?”

எனக்குப் புரியவில்லை. முழுதாகவே புரியவில்லை. “என்னது உனக்காக?”

“அந்த ஆட்டத்துக்கு முன்னால போன்ல சொன்னேனல்ல. நாங்க கீழ போனா எங்கூட்டுல ஆட்டத்த நிறுத்திப்போட்டு என்னையக் கட்டிக் குடுத்துருவாங்கன்னு. மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டுப் போனதுகூடச் சொன்னேன். நீ அத மனசுல வெச்சுத்தான் குனிஞ்சேன்னு நா நெனச்சிருக்கேன், இத்தன நாளும். எங்கம்மாகிட்டக்கூட சொன்னேன். ‘ஜெனி உட்டா, அதனால நா ஆடிட்டு இருக்கறே’ன்னு.”

அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மா சொன்னபடி பார்த்தேன். வியர்வை இருந்தது, பயணக் களைப்பு இருந்தது, என் தலை மோதி வளைந்துபோன மூக்கு இருந்தது. பொய் இருந்ததா என்றால், எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

“அதுக்காகத்தான் எம்பேரச் சொன்னியா? நன்றிக்கா?”

“அட, நன்றிக்கு ஒரு டஜன் பழம் வாங்கிக் குடுத்தாப் போதாதா?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “அப்போ நெசமாவே எனக்காக உடலியா?”

பழக்காரர் இருவரில் யாரிடமும் கேட்காமல் ஒரு சீப்பைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நான்கு வழிகள்

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். அது என் சுபாவம்.

மாதேவி என்னை ஏமாற்றக் கத்தினாள், இப்போது மறைக்கிறாள். அல்லது, பழக்கத்தில் கத்தினாள், கத்தியது அவளுக்கே தெரியாது. அல்லது, அவள் கத்தவே இல்லை, இரண்டு சீசன் கேட்ட குரல் என் காதுக்குள்ளேயே இருந்து தானாக ஒலித்தது. பின்னால் அவள் நிற்கிறாள், பந்து உயரத்தில் வருகிறது, அது போதும் என் கழுத்துக்கு.

நான்காவது வழியை அன்று நடந்து வரும்போது நினைத்தும் நினைக்காமலும் இருந்தேன். அந்த போன் பேச்சை நான் மறந்தே போயிருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்ததும், அவள் போனை வைத்த பிறகு நான் வெகுநேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததும். மறந்திருந்தேன் என்பதும் நான் சொல்வதுதானே. நெற்றிக்கு நேராக ஒரு பந்து வரும் நேரத்தில் ஒரு மனுஷிக்கு இதெல்லாம் ஞாபகம் வருமா? வராது என்று அடித்துச் சொல்வேன். ஆனால் அந்தக் குரல் கேட்டது என்றும் அடித்துத்தான் சொன்னேன்.

நான் விட்டதால் என் அணியில் ஆடிக்கொண்டிருந்த பெண்களுக்கு அணியே இல்லாமல் போயிற்று. அதில் இருவர் பிறகு ஆடவே இல்லை. அதனால் நான்காவது வழி பொய்யாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். விருப்பத்தை வைத்து எதையும் அளக்க முடியாது.

வீட்டில் அம்மா கேட்டார். “என்னாச்சு? மூஞ்சி பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஏன் கத்தினாளாம்?”

“நான் ஏன் குனிஞ்சேன்னு அவ கேக்கறாம்மா.”

அம்மா கையிலிருந்த கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். “நீ ஏன் குனிஞ்சே?”

“தெரியல.”

“சரியாப் போச்சு” என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள்

காலையில் தொழிற்சாலைக்குப் போவதா, மைதானத்துக்குப் போவதா என்று நான் தீர்மானிக்கவில்லை. பையில் பூட்ஸும் இருந்தது, அடையாள அட்டையும் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது மைதானம் பக்கம் போகும் பேருந்து முதலில் வந்தது. இதை ஒரு முடிவு என்று யாராவது சொன்னால் சிரிப்பேன்.

புதுக் கோச் ஓர் அமைதியான மனிதர். கைகொடுத்துவிட்டுச் சொன்னார், கன்னடத்தில். “மாதேவி உன்னைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். ‘நான் சொன்னால் கேட்பாள் சார்’ என்றாள்.”

நான் மாதேவியைப் பார்த்தேன். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

பயிற்சி ஆட்டம் தொடங்கியது. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதல் உயரப் பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கியது. நான் அவள் குரலுக்காகக் காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. பின்னால் அவள் மூச்சு மட்டும் கேட்டது. கத்தலாமா என்று அவள் யோசித்தாள், முட்டலாமா என்று நான் யோசித்தேன். பந்து தரையில் விழுந்து ஒருமுறை எழும்பியது. எதிரணியில் ஆடிய சின்னப் பெண் ஒருத்தி ஓடிவந்து அதைக் கோலுக்குள் தட்டிவிட்டாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

கோச் கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். கத்தியிருக்கலாம்.

மாதேவி வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. “ஜெனி, அன்னிக்கு நா கத்துனனா இல்லியானு எனக்குத் தெரியாது. நெசமாத் தெரியாது. நேத்து ராத்திரி பூரா நெனச்சுப் பாத்தாச்சு.”

“எனக்கும் தெரியல. நான் ஏன் விட்டேன்னு.”

“இப்ப என்ன பண்ணோணும்?”

“கத்து” என்றேன். “நெஜமா வேணும்னா கத்து.”

“நீ உடுவியா?”

பதில் சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

அடுத்த பந்து வெகு நேரம் கழித்து, வலப் பக்கத்திலிருந்து, சுழன்று வந்தது. எனக்கு எளிதான பந்து. எதிராளி ஒருத்தி எனக்கும் கோலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். நான் விட்டு, மாதேவி எடுக்காவிட்டால், அது நேராக அவள் காலுக்குப் போகும். ஒப்பந்தமும் அத்தோடு போகும்.

“உடூ!”

பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் விட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்காமல், அவள் அடுத்துப் பந்தை எறியப்போகும் இடத்துக்கு ஓடத் தொடங்கினேன்.